தேவைப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் முடிவுகள்

வணிகப் பகுப்பாய்வைப் பற்றித் தமிழில் பேச ஒரு மேடை அமைவது அரிது. சென்னையிலும் கோவையிலும் ஏராளமானோர் நாள்தோறும் செய்கிற வேலை இது. ஆனாலும் அதன் அடிப்படைகளைப் பற்றிய விவாதம் நம் மொழியில் மிகக் குறைவு. எனவே சுற்றிவளைக்காமல், இத்தொழிலின் முதல் பாடத்தையே இன்று விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். பகுப்பாய்வாளராகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு: என்ன வேண்டும் என்று கேள், எப்படிச் செய்வது என்று சொல்லாதே. முன்னது தேவை, பின்னது வடிவமைப்பு. தேவையைப் பகுப்பாய்வாளர் எழுதுவார். வடிவமைப்பைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். இந்தக் கோட்டைத் தாண்டினால் திட்டம் கெடும் என்பது தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. என் வாதம் இது: அந்தக் கோடு எழுதப்பட்ட வாக்கியத்தில் இல்லை, அதைப் பார்ப்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. தேவை என்று நாம் எழுதிவைப்பதில் பெரும்பகுதி, நமக்கு மேலே யாரோ முன்பே எடுத்துவிட்ட வடிவமைப்பு முடிவு. அதை எடுத்தவர் யார், ஏன் எடுத்தார், எதை நம்பி எடுத்தார் என்பதைத் தோண்டி எழுதுவதுதான் பகுப்பாய்வாளரின் வேலை.

எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து பார்ப்போம். 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் தமிழ்நாடு இணைந்ததை ஒட்டி, நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகைச் சரிபார்ப்பு வந்தது. ‘பொருள் வாங்க வருபவரின் விரல்ரேகையைக் கருவி சரிபார்க்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது தேவையா, வடிவமைப்பா? நிரல் எழுதுபவருக்கு இது ஐயமற்ற தேவை. அவர் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும். உணவுத் துறையின் இடத்தில் நின்று பார்த்தால் இது ஒரு வழி மட்டுமே. அட்டையில் பெயர் உள்ளவருக்குத்தான் அரிசி போக வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த பல வழிகளில் ஒன்று. அதற்கும் மேலே ஏறினால், அட்டைக்காரருக்கே போக வேண்டும் என்பதும், மானியப் பொருள் வெளிச்சந்தைக்குக் கசியக் கூடாது என்பதற்கான ஒரு வழி. இப்போது, கல்லுடைத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை மழுங்கிய ஒரு மூதாட்டியைக் கருவி ஏற்கவில்லை என்று வையுங்கள். ஆவணத்தில் உள்ள தேவையைக் கருவி அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் எந்த நோக்கத்துக்காக அந்த வாக்கியம் பிறந்ததோ, அந்த நோக்கம் தோற்றிருக்கிறது. முதியோர் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பும் ஏற்பாடும் கருவிழிச் சரிபார்ப்பும் இதையொட்டி வந்தவைதான். விரல்ரேகை என்பது ஒரு தேர்வு என்று முதல் ஆவணத்திலேயே குறித்திருந்தால், அது தவறும்போது என்ன செய்வது என்ற கேள்வி கடை வாசலில் எழுந்திருக்காது; மேசையிலேயே எழுந்திருக்கும்.

இந்தக் கோட்டின் மீதான ஐயம் புதிதல்ல. 1973-இல் ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் நகரத் திட்டமிடல் குறித்து எழுதிய கட்டுரையில், சிக்கலான சமூகப் பிரச்சினைகளில் பிரச்சினையை வரையறுப்பதும் தீர்வைத் தேடுவதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்று காட்டினார்கள். தீர்வு ஒன்றை மனத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், எது தெரிய வேண்டும் என்பதே தெரிகிறது. மென்பொருளுக்குள் இதே வாதத்தை 1982-இல் வில்லியம் ஸ்வார்ட்டவுட்டும் ராபர்ட் பால்சரும் கொண்டுவந்தார்கள்: விவரக்குறிப்பும் நிறைவேற்றமும் தவிர்க்கவே முடியாமல் பின்னிக்கிடக்கின்றன என்பது அவர்கள் கட்டுரையின் சாரம். ஆய்வுலகம் இவ்வளவு முன்பே சொல்லியும், தொழிலின் கையேடுகள் மெதுவாகவே அசைந்தன. வணிகப் பகுப்பாய்வுக்கென்று 2003-இல் கனடாவில் தோன்றிய ஐ.ஐ.பி.ஏ. என்னும் பன்னாட்டு அமைப்பு வெளியிடும் பாபோக் கையேட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில், தேவைப் பகுப்பாய்வு தனி அறிவுப் பகுதியாக நின்றது. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதன் தலைப்பிலேயே வடிவமைப்பு சேர்ந்துகொண்டது. தேவை என்பது ஒரு வேண்டலைப் பயன்படத்தக்க வகையில் குறிப்பது, வடிவமைப்பு என்பது ஒரு தீர்வை அப்படிக் குறிப்பது என்று வரையறுத்த கையேடு, இரண்டையும் பிரிக்கும் இடம் எப்போதும் தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொண்டது. பெரிய மாற்றம். ஆனால் நம் அலுவலகங்களின் படிவங்களுக்குள் அது இன்னும் இறங்கவில்லை என்பதே என் கவலை.

ஏன் இறங்க வேண்டும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சுமார் 600 சதுர மைல், 68 லட்சம் மக்கள், நாளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள். 1992 வரை அங்கே எல்லாம் காகிதத்தில் நடந்தது. அழைப்பை ஏற்பவர் விவரத்தை ஒரு படிவத்தில் எழுதுவார். வரைபடப் புத்தகத்தைப் புரட்டி இடத்தைக் கண்டுபிடித்துக் குறிப்பார். படிவத்தை நகரும் பட்டையில் போடுவார். பட்டை போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் படிவங்களை வாங்கி, ஒரே விபத்துக்கு இரண்டு மூன்று பேர் அழைத்திருந்தால் கண்டுபிடித்து விலக்கி, நகரின் எந்தப் பகுதிக்குரியது என்று பிரித்துக் கொடுப்பார். அந்தப் பகுதியின் ஒதுக்கீட்டாளர், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கம்பியில்லாத் தொடர்பாளரின் தகவலைக் கொண்டு அறிந்து, போக வேண்டிய வண்டியை முடிவு செய்வார். அதற்குப் பின் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குத் தொலைபேசி போகும், அல்லது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வானொலிச் செய்தி போகும். இவ்வளவும் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது இலக்கு. மெதுவானது, பிழைக்கு இடம் தருவது, மாற்றப்பட வேண்டியது, அதில் ஐயமில்லை.

புதிய அமைப்புக்கான விவரக்குறிப்பின் நடுநாயகமாக இருந்தது, கணினியே பொருத்தமான அருகிலுள்ள வண்டியைத் தேர்ந்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணம். ஆவணத்தில் அது தேவை. உண்மையில் அது ஒரு மாபெரும் வடிவமைப்பு முடிவு; அதுவும் உலகத்தைப் பற்றிய ஒரு பந்தயத்தின் மேல் நின்ற முடிவு. எந்த நொடியிலும், எல்லா வண்டிகளின் இடமும் நிலையும் கணினிக்குக் குறையின்றித் தெரியும் என்பதே அந்தப் பந்தயம். ஆனால் வேலைக்கு வரும் குழுவினர், தமக்குக் குறிக்கப்பட்ட வண்டியை விட்டு நிலையத்தில் நிற்கும் வேறொன்றை எடுத்துப் போவது வழக்கம். நிலையை அறிவிக்கும் பொத்தான்களை, நோயாளியைத் தூக்கிக்கொண்டிருக்கும் அவசரத்தில், வரிசை மாற்றி அழுத்தவோ அழுத்தாமல் விடவோ வாய்ப்புண்டு. வானொலித் தொடர்பு கிடைக்காத இடங்களும் நகரில் உண்டு. காகித முறையில் இந்தக் குறைகளையெல்லாம் ஒதுக்கீட்டாளரின் தலைக்குள் இருந்த அறிவு ஈடுகட்டியது. அவர் தம் பகுதியை அறிந்தவர். தகவல் முழுமையாக இல்லாதபோதும் சரியாக ஊகிப்பவர். அந்த ஈடுகட்டும் வேலையைச் செய்தவர்களிடம் விவரக்குறிப்பை எழுதியவர்கள் போதுமான அளவு கலந்து பேசவில்லை. விவரக்குறிப்பு நுணுக்கமாகவும் கறாராகவும் இருந்ததால், மென்பொருள் தர வந்தவர்களுக்கு மாற்று யோசனை சொல்லவும் இடமில்லை.

1992 அக்டோபர் 26 அன்று அமைப்பு முழுவீச்சில் இயங்கத் தொடங்கியது. நேரம் ஏற ஏற, வண்டிகளின் நிலை பற்றிய தவறான தகவல் சேர்ந்தது. கணினி தப்பான வண்டியை அனுப்பியது, ஒரே இடத்துக்கு இரண்டை அனுப்பியது. கவனிக்க வேண்டிய எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பழையவை மேலே உருண்டு கண்ணிலிருந்து மறைந்தன. காத்திருந்தவர்கள் மறுபடி அழைத்தார்கள். அந்த அழைப்புகள் பழைய விபத்துக்குரியவை என்று பட்டையின் முனையில் உட்கார்ந்து அடையாளம் கண்ட மனிதர் இப்போது இல்லை. சுமை இன்னும் கூடியது. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள்; நவம்பர் 4-ஆம் நாள் அதிகாலையில் அதுவும் நின்றது. அதற்குக் காரணம், ஒவ்வொரு வண்டி அனுப்பும்போதும் சிறிது நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராத ஒரு நிரல் துண்டு. 1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, குறைந்த விலை, அவசரக் கெடு, போதாத சோதனை, பயிற்சிக் குறைவு எல்லாவற்றையும் பட்டியலிட்டது. அவை எல்லாம் உண்மை. ஆயினும் நினைவகப் பிழையே இல்லாத, நன்கு சோதித்த, விலை கூடிய ஒரு மென்பொருளும் அதே பந்தயத்தின் மேல் நின்றிருந்தால் இடறியிருக்கும் என்பது என் முடிவு. சோதனை என்பது ஆவணத்தில் உள்ள தேவை நிறைவேறியதா என்று பார்ப்பது. தேவையின் வேடத்தில் வந்த முடிவு சரியா என்று அது கேட்பதில்லை. 1996-இல் அதே சேவை புதிய அமைப்பைக் கட்டங்கட்டமாக, ஊழியர்களை உடன் வைத்துக்கொண்டு கொண்டுவந்தது, அது நிலைத்தது.

இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்வதாக நம்பப்படும் நிகழ்வு ஒன்று அமெரிக்காவில் உண்டு. எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க முயன்ற ‘வர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ திட்டம் அது. 2002-இல் உருவான அதன் தேவை ஆவணம் 800 பக்கங்களுக்கும் மேல். பக்கத்தில் எந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தார்கள். சுமார் 17 கோடி டாலர் செலவிட்ட பிறகு, 2005-இல் திட்டம் கைவிடப்பட்டது. என்ன என்பதற்குள் எப்படி என்பது புகுந்ததால் வந்த கேடு என்றே இது வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அந்தப் பொத்தான்களையெல்லாம் அடித்துவிட்டிருந்தால் திட்டம் பிழைத்திருக்குமா? இல்லை என்றே எண்ணுகிறேன். அதன் மிகப் பெரிய ‘எப்படி’ பொத்தானில் இல்லை. பழைய அமைப்பை ஒரே நாளில் அணைத்துவிட்டுப் புதியதற்கு மாறுவது என்ற திட்டத்தில் இருந்தது. 2004-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகக் குழு கடுமையாக எச்சரித்தவற்றில் அதுவும் ஒன்று. ஒரு பொத்தானை வடிவமைப்பு என்று எளிதில் கண்டுகொள்ளும் கண், இவ்வளவு பெரிய வடிவமைப்பு முடிவைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது. ஏனென்றால் அது நிர்வாகத்தின் உயரத்திலிருந்து வருகிறது, முன்முடிவாக வருகிறது, யாரும் அதை ‘எப்படி’ என்று அழைப்பதில்லை. என்ன, எப்படி என்ற பாகுபாட்டின் பெரிய குறை இதுதான்: கீழே இருப்பவர் சொல்லும் சிறு யோசனையை வடிகட்டிவிடும், மேலே இருப்பவர் எடுத்த பெரிய முடிவுக்குத் தேவை என்ற முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிடும்.

பொத்தான் கேட்ட புலனாய்வாளரின் பக்கமும் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மனிதர்கள் தம் வேண்டலை அருவமாகச் சொல்வதில்லை. கண்ணால் பார்த்த பொருளாகவே சொல்வார்கள். இங்கே ஒரு மின்னஞ்சல் பொத்தான் வேண்டும் என்பவர், அறிக்கையை எழுதி முடித்த அந்த நிமிடமே வேறு ஊரில் இருக்கும் சக அதிகாரிக்கு அதைக் காட்ட முடியாமல் தவித்தவராக இருக்கலாம். அவருடைய வாக்கியத்தை அப்படியே ஆவணத்தில் ஏற்றுவது சோம்பல். அது வடிவமைப்பு என்று சொல்லி அடித்துவிடுவதும் சோம்பலே. எதற்காகக் கேட்கிறார் என்று விசாரிப்பது ஒன்றே பகுப்பாய்வு.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவதும் வலுவானதும் ஒப்பந்தம் பற்றியது. விலை பேசி, டெண்டர் விட்டு, சைன்-ஆஃப் வாங்கி நடக்கிற தொழிலில் தேவை உறுதியாக இல்லாவிட்டால் யார் எதற்குப் பொறுப்பு என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வரியும் விவாதத்துக்கு உரியது என்றால் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டுக்கு முடிவேது? இந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளவில்லை. குறிப்பாக நம் ஊர் நிறுவனங்களுக்கு, கடலுக்கு அப்பால் இருக்கும் க்ளையன்ட்டுக்கும் தமக்கும் இடையே உள்ள ஒரே வேலி அந்த ஆவணம்தான். ஆனால் வேலி எதைக் காக்கிறது என்று பாருங்கள். லண்டனில் விவரக்குறிப்பு உறுதியாகத்தான் இருந்தது. அந்த உறுதி யாரையும் காக்கவில்லை. நான் கேட்பது எல்லாவற்றையும் தளர்த்துவதை அல்ல. எது அசைக்க முடியாதது, எது இன்றைய அறிவைக் கொண்டு எடுத்த தேர்வு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதலாம். சட்டம் விதித்த வரிக் கணக்கு முறை அசையாதது. அதைத் திரையில் மூன்று படிகளில் வாங்க வேண்டும் என்பது அசையக்கூடியது. இரண்டையும் ஒரே தொனியில், ஒரே வரிசை எண்ணில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்குவதால்தான், பின்னால் சிறு மாற்றம் கேட்டாலும் சண்டை மூள்கிறது. எதை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று முன்பே சொன்ன ஒப்பந்தத்தில் தகராறு குறையும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு, உயிர் சம்பந்தப்பட்ட துறைகளிலிருந்து வருகிறது. விமானத்திலும் மருத்துவக் கருவியிலும் தேவையையும் வடிவமைப்பையும் கறாராகப் பிரிக்காவிட்டால் சரிபார்ப்பே நடக்காது என்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால், என் வாதத்துக்கு மிக வலுவான துணை அங்கிருந்துதான் கிடைக்கிறது. விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178 என்ற நெறிமுறையில் தேவைகள் இரு மட்டங்களில் எழுதப்படுகின்றன. அவற்றில் கீழ்மட்டத் தேவைகள் வடிவமைப்புப் பணியின் விளைவாகவே பிறப்பவை. ஒரே தாள், மேலிருந்து பார்த்தால் வடிவமைப்பு. நிரலாளர் பார்த்தால் தேவை. அதைவிட முக்கியமாக, வருவிக்கப்பட்ட தேவை என்று ஒரு வகையை அந்த நெறிமுறை தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. மேல்மட்டத்தில் எவரும் கேட்காதது, ஆனால் வடிவமைப்பில் ஒரு வழியைத் தேர்ந்ததால் புதிதாக முளைத்தது. அப்படி ஒன்று முளைத்தால் அது ஏன் வந்தது என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். பாதுகாப்பை மதிப்பிடுவோரின் பார்வைக்கும் அது போக வேண்டும். மென்பொருள் உலகிலேயே மிகக் கறாரான துறை, தேவைக்குள் வடிவமைப்பு கலப்பதைத் தடுக்க முடியாது என்று ஏற்று, கலந்த இடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டச் சொல்கிறது. ரேஷன் கடைக் கருவிக்கும் கடன் விண்ணப்பத் திரைக்கும் அந்த ஒழுக்கம் ஏன் வேண்டாம்?

அஜைல் வந்த பின் இந்தப் பேச்சே தேவையில்லை என்பவர்களும் உண்டு. எஃப்.பி.ஐ.யே பின்னாளில் ‘சென்டினல்’ என்ற அடுத்த திட்டத்தை 2010-இல் தன் கையில் எடுத்து, அஜைல் முறையில் நடத்தி, 2012 ஜூலையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த வெற்றியை மதிக்கிறேன். குறுகிய சுற்றுகளில் கட்டிப் பார்த்தால் தவறான தேர்வு சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனால் அன்றாட நடைமுறையில் யூசர் ஸ்டோரி என்னவாகிறது என்று கவனியுங்கள். இன்னாராகிய எனக்கு, இன்னது வேண்டும், இன்னதற்காக என்ற மூன்று பகுதிகளில் நடுப்பகுதி பெரும்பாலும் தீர்வு. கடைசிப் பகுதியில்தான் காரணம் இருக்கிறது. அவசரத்தில் முதலில் உதிர்வது அந்தக் கடைசிப் பகுதிதான். அட்டையில் ஒட்டி, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டால் மட்டும், கேள்வி கேட்கப்படாத முடிவு கேள்வி கேட்கப்பட்டதாக ஆகிவிடாது.

பகுப்பாய்வாளர் எல்லை மீறுகிறார், கட்டடக் கலைஞரின் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார் என்று பொறியாளர்கள் வருந்தலாம். தொழில்நுட்பத் தேர்வு அவர்களுடையதே. ஆனால் லண்டனில் தோற்றது தரவுத்தளமோ நிரல்மொழியோ அல்ல. ஒதுக்கீட்டாளரின் தீர்ப்புக்குப் பதிலாகக் கணினியே தீர்மானிக்கலாம் என்ற முடிவு. அது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றிய வடிவமைப்பு. அந்த வடிவமைப்பில், அந்த வேலையை அறிந்தவர்களும் அவர்களிடம் கேட்டறிந்த பகுப்பாய்வாளரும் இல்லாமல் வேறு யார் இருக்க முடியும்?

நடைமுறையில் நான் முன்வைப்பது பெரிய புரட்சி இல்லை. தேவை ஆவணத்தின் ஒவ்வொரு முக்கிய வரிக்குப் பக்கத்திலும், அது யாருடைய முடிவு, எந்த நோக்கத்துக்காக, வேறு எந்த வழியைப் பார்த்து விட்டுவிட்டோம், களத்தைப் பற்றி எதை நம்பி எழுதினோம் என்பவற்றைச் சேர்த்து எழுதுவது. கடைசியாகச் சொன்னதே மிகப் பயன் தரும். ‘எல்லா வண்டிகளின் இடமும் எப்போதும் துல்லியமாகத் தெரியும் என்று நம்புகிறோம்’ என்று ஒரு வரி லண்டன் ஆவணத்தில் இருந்திருந்தால், அதைப் படிக்கும் முதல் ஓட்டுநரே இல்லை என்று தலையை ஆட்டியிருப்பார். எல்லா வரிக்கும் இப்படி எழுத நேரம் இராது. திருப்ப முடியாத, அல்லது திருப்பினால் பெருஞ்செலவு ஆகும் முடிவுகளுக்கு மட்டும் எழுதினாலே போதும். ஆவணத்தின் மொத்தப் பக்கம் இதனால் குறையவும் கூடும். ஏனென்றால் காரணம் சொல்ல முடியாத வரிகள் எழுதும்போதே உதிர்ந்துவிடும்.

இதில் உள்ள கடினம் எழுத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் க்ளையன்ட் அனுப்பிய ஆவணத்தை சென்னையில் உட்கார்ந்து படிக்கும் இளம் பகுப்பாய்வாளருக்கு, இது ஏன் என்று கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லை. அவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஐயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது. முடிவுகளை விசாரிப்பது அல்ல. அரசுத் துறைகளின் டெண்டர் ஆவணங்களிலும் இதே நிலைதான்: ஏலதாரர் கேள்வி கேட்கும் கூட்டத்தில் வரியின் பொருளைக் கேட்கலாம், வரியின் காரணத்தைக் கேட்பதற்கு அங்கே பெரும்பாலும் இடமிருப்பதில்லை. இந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நிறுவனத் தலைவர்கள். கொடுக்க வேண்டியவர்கள் துறைச் செயலாளர்களும் க்ளையன்ட்களும். பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேவைப் பொறியியல் பாடத்தில், கொடுத்த பிரச்சினைக்குத் தேவை ஆவணம் எழுது என்ற பயிற்சி மட்டுமே மாணவருக்குக் கிடைக்கிறது. எழுதிமுடித்த ஓர் ஆவணத்தைக் கையில் கொடுத்து, இதில் யார் யார் எடுத்த எந்தெந்த முடிவுகள் தேவை என்ற பெயரில் நிற்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியையும் அதனுடன் வைக்கலாம். லண்டன் விசாரணை அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது. அடுத்த பருவத்திலேயே அதிலிருந்து தொடங்கலாம்.